நாற்காலி பழசு, மேசை புதுசு: சின்ன அலுவலகத்துக்குச் சாமான் வாங்கும் கணக்கு

சிங்கப்பூரில் தேக்கா கடைவீட்டு மாடியோ உபி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன அறையோ, வாடகைக்கு எடுத்த கையோடு எல்லாச் சாமானையும் ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்கிவிடுகிறார்கள். பணம் கரைவது அங்கேதான். எதைப் பழசாக வாங்கலாம், எதைக் கூடாது என்பது சாமானுக்குச் சாமான் மாறும்.

மலிவான புது நாற்காலியில் ‘லெதர்’ என்று சொல்லி விற்பது பெரும்பாலும் துணிமேல் பூசிய பாலியூரித்தேன். சிங்கப்பூரின் ஈரக்காற்று அதை மெல்ல அரிக்கும். சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்து சட்டை முதுகில் ஒட்டும். சற்றுக் கூடுதலாகப் போட்டால், காலி செய்யும் அலுவலகங்கள் கேரோசல் என்னும் இணையச் சந்தையில் விற்கும் வலை நாற்காலி கிடைக்கும். அது 1994-இல் வந்த, ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரான் நாற்காலி என்றால், முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவுங்கள். நாற்காலியின் அளவைச் சொல்லும் புள்ளிகள் தட்டுப்படும்: ஒன்று ஏ (சிறியது), இரண்டு பி, மூன்று சி (பெரியது). நடுத்தர உடம்புக்கு பி. எந்த நாற்காலியானாலும் முழு உயரத்துக்கு ஏற்றி, பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தானாக இறங்கினால் இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர் போய்விட்டது. அதை மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். உட்காரும் வலை கிழிந்திருந்தால் வேண்டாம். ஏரானில் வலையும் சட்டமும் ஒன்றாக வருவதால் முழுசாக மாற்ற வேண்டியிருக்கும்.

மேசையில் கதை நேர்மாறு. விலை குறைந்த மேசைகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒருமுறை கழற்றினாலே திருகு ஓட்டை தளர்ந்துவிடும். மறுபடி பூட்டினால் தட்டச்சு செய்யும்போதெல்லாம் ஆடும். ஓரப்பட்டை பிரிந்த இடத்தில் தண்ணீர் பட்டால் பலகை உப்பிக்கொள்ளும், பிறகு அமுங்காது. அலெக்சாண்ட்ராவிலோ தெம்பனீஸிலோ ஐக்கியாவில் 120 செ.மீ. பலகையும் இரும்புக் காலும் புதிதாக வாங்குவதே லாபம்.

கோப்பு அலமாரிக்குப் பழைய இரும்பே போதும். சாவி இல்லையென்றாலும் பூட்டின் முகப்பில் எண் இருந்தால் அதைச் சொல்லிச் சாவி வாங்கலாம். ஆனால் முதலில் மின்தூக்கிக் கதவை அளந்துவிடுங்கள்.

வரிக்கணக்கும் உண்டு. தனியாரிடம் வாங்கும் பழைய சாமானுக்குப் பொருள் சேவை வரி இல்லை. அந்த வரிக்குப் பதிவு செய்த கடையில் 9% உண்டு, ஆனால் உங்கள் நிறுவனமும் பதிவு செய்திருந்தால் திரும்பப் பெறலாம். ஒவ்வொன்றும் 5,000 வெள்ளிக்கு மிகாத சாமான்களை, ஆண்டுக்கு மொத்தம் 30,000 வெள்ளி வரை, வருமான வரிக் கணக்கில் ஒரே ஆண்டில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே கேரோசல்காரரிடமும் ரசீது எழுதி வாங்குங்கள்.

அலங்காரத்தைக் கடைசியில் பாருங்கள். ஒப்பந்தம் முடியும்போது இடத்தைப் பழையபடி ஆக்கித்தர வேண்டியிருந்தால் சுவரில் போடும் ஒவ்வொரு துளையும் செலவு. படங்களை அலமாரி மேல் சாய்த்து வைக்கலாம். செடி வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு போதும், அபராதமும் வரும்.