எடை குறைக்க யாரைத் துணைக்குச் சேர்ப்பது?

மூன்றாம் முறையும் பாதியில் விட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சாப்பாட்டிலும் நடையிலும் பெரிய தவறு எதுவும் செய்திருக்கவில்லை. ஐந்து வாரம் ஒழுங்காகப் போனது. ஆறாவது வாரம் மகனுக்குக் காய்ச்சல், அதே வாரம் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. அப்புறம் இன்னொரு வாரம் போனது, அதற்கடுத்ததும் போனது. நிறுத்திவிட்டேன் என்பது எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "என்ன ஆச்சு, இந்த வாரம் நடக்கவில்லையா?" என்று கேட்க ஒருவரும் இல்லை.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகளில் கணவர், பள்ளித்தோழி, அலுவலகத்தில் ஓர் அணி, கட்டணம் கட்டிச் சேர்ந்த வாரக்கூட்டம், கைபேசியில் ஒரு சிறு குழு என்று ஐந்து விதமான துணையோடும் முயன்றுவிட்டேன். வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவருக்கு இவற்றில் எது ஒத்துவரும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். நல்ல வாரத்தில் எந்தத் துணையும் நன்றாகவே இருக்கும். வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாமல், வேலையில் கெடு நெருங்கி, தூக்கம் ஐந்து மணி நேரமாகக் குறைந்துபோன வாரத்தில் அது என்ன செய்கிறது?

துணை இருந்தால் உண்மையிலேயே பலன் கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். அமெரிக்காவில் ரேனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 166 பேரை வைத்துச் செய்து 1999-இல் வெளியிட்டது. தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் அதை முடித்தார்கள். குறைத்த எடையை நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை முழுதாகக் காத்துக்கொண்டவர்கள் 24 சதவீதம். நண்பரோ உறவினரோ மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கவும் பயிற்சி பெற்றவர்களில் முடித்தவர்கள் 95 சதவீதம், காத்துக்கொண்டவர்கள் 66 சதவீதம். மூன்று பேரைக் கையோடு கூட்டிவர முடிந்தவருக்கு முதலிலேயே கொஞ்சம் பலம் இருந்திருக்கும் என்று கழித்துப் பார்த்தாலும், எடையைக் காத்துக்கொள்வதில் இவ்வளவு இடைவெளி இருப்பதை ஒதுக்கிவிட முடியாது.

கணவரா, தோழியா?

பெரும்பாலோர் முதலில் நினைப்பது கணவரையோ மனைவியையோதான். அதில் நியாயம் இருக்கிறது. ஒரே அடுப்பு, ஒரே அலமாரி, ஒரே சாப்பாட்டு நேரம். வீட்டுக்குள் வாங்கி வராத நொறுக்குத்தீனியை இரவு பத்து மணிக்கு யாரும் தேடப் போவதில்லை. பலன் மற்றவருக்கும் பரவுகிறது. ஏமி கோரின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 130 இணையர் இருந்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் மட்டுமே எடை குறைக்கும் முயற்சியில் இருந்தார். எந்தப் பயிற்சியும் பெறாத மற்றவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் உடல் எடையில் 3 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் இது நான்கு மாதம்தான் தாக்குப்பிடித்தது. ஒரு காரணம், பேச்சு. "இதைச் சாப்பிடலாமா?" என்று அவர் அக்கறையோடு கேட்டதுகூட எனக்குக் காவல் காப்பதாகப் பட்டது. வேறு ஏதோ மனத்தாங்கல் இருக்கும் நாளில் அந்தக் கேள்வி வந்தால் அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது, அது புரிய எனக்கு ரொம்ப நாளானது. மகனுக்குக் காய்ச்சல் வந்தால் அது இருவருக்கும் சேர்த்துத்தான் வருகிறது. என்னுடைய கெட்ட வாரமும் அவருடைய கெட்ட வாரமும் ஒன்றே. ஒருவர் விழும்போது கைகொடுக்க வேண்டியவரும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறார்.

பள்ளித்தோழி வேறு வீடு, வேறு வேலை. தினமும் இரவு ஒன்பதரைக்குப் பத்து நிமிடம் பேசுவோம். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம் என்று ஆரம்பித்து மாமியார், மேலதிகாரி, பிள்ளைகளின் படிப்பு என்று போய்விடும். எந்தக் குழுவிலும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவளிடம் சொல்லியிருக்கிறேன், கோபம் வந்தால்தான் எனக்குப் பசிக்கிறது என்பது உட்பட. ஒற்றைத் துணையின் அருமை இந்த நெருக்கத்தில் இருக்கிறது.

அதன் பலவீனமும் அங்கேதான். அவளுடைய அம்மா மருத்துவமனையில் சேர்ந்தபோது, "எனக்கு அரைக் கிலோ ஏறிவிட்டது" என்று அவளை அழைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் அழைக்கவில்லை. அம்மா தேறி வீடு வந்த பிறகும் யார் முதலில் ஆரம்பிப்பது என்ற தயக்கத்திலேயே அது நின்றுபோனது. இருவர் மட்டும் இருக்கும் இடத்தில் ஒருவர் மௌனமானால் மொத்தமும் மௌனம்தான்.

இங்கே ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வருகிறது. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் இருவரும் 12,067 பேரின் 32 ஆண்டுத் தரவுகளைப் பார்த்து 2007-இல் எழுதியது. நண்பர் ஒருவர் உடல் பருமன் அடைந்தால் நமக்கும் அது வரும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது, வாழ்க்கைத்துணை என்றால் 37 சதவீதம் என்றார்கள். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதுதானா, ஒரே மாதிரி ஆட்கள் நண்பர்களாவதால் அப்படித் தெரிகிறதா என்ற வாதம் புள்ளியியலாளர்களிடையே நடந்தது. என் அனுபவத்தில் மட்டும் வைத்துச் சொன்னால், தோழி சொன்னதைக் கேட்ட அளவுக்கு நான் கணவர் சொன்னதைக் கேட்டதில்லை.

அலுவலகப் போட்டி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மதிய இடைவேளையில் சக ஊழியரோடு இருபது நிமிடம் நடப்பது மிக நல்ல ஏற்பாடு, வீட்டு நேரத்திலிருந்து ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை. ஆனால் "மூன்று மாதத்தில் யார் அதிகம் குறைப்பது" என்ற பந்தயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கெவின் வோல்ப் குழு 57 பேரை வைத்துச் செய்து 2008-இல் வெளியிட்ட சோதனையில், பணம் பணயம் வைத்தவர்களுக்கு 16 வாரத்தில் சராசரியாக ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தது. பணம் சம்பந்தப்படாதவர்களுக்குக் குறைந்தது இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஏழாம் மாதம் திரும்ப எடை பார்த்தபோது கணிசமான பகுதி திரும்ப ஏறி, சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் நிற்கவில்லை. பந்தயத்துக்குக் கடைசி நாள் உண்டு, உடம்புக்கு அப்படி ஒரு நாள் இல்லை. எங்கள் அணியில் இறுதி எடை பார்க்கும் நாளுக்கு முன்பு தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கவலையாக இருந்தது. தவிர, அலுவலகக் கெடு வந்தால் அணி மொத்தமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிடும். கணவர் விஷயத்தில் வீடு செய்ததை இங்கே அலுவலகம் செய்கிறது.

வாரக்கூட்டம்

எடை குறைக்கக் கூட்டமாகச் சேர்வது புதிய யோசனை கிடையாது. 1948-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் தன் தோழியரோடு ஆரம்பித்த டாப்ஸ் அமைப்பு இன்றும் நடக்கிறது. நியூயார்க்கில் குடும்பத்தலைவியான ஜீன் நிடெட்ச் 1961-இல் தோழியரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் பேச ஆரம்பித்தது 1963-இல் வெயிட் வாட்ச்சர்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. இரண்டும் வீட்டில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு உட்காரவைத்ததில் பிறந்தவை.

கட்டணம் வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் இத்தகைய கூட்டங்களுக்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் மூன்று நாடுகளில் 772 பேரை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் வழக்கமாகச் சொல்லும் ஆலோசனையோடு நின்றவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 2.25 கிலோ குறைந்தது, இப்படியான வணிகத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு 5.06 கிலோ. இதில் நான் மதிக்கும் வசதி ஒன்று உண்டு. ஏற்பாட்டுச் சுமை நம் தலையில் இல்லை. நாம் போய் உட்கார்ந்தால் போதும். வீட்டில் ஏற்கெனவே எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொள்கிறவருக்கு அது பெரிய நிம்மதி.

கெட்ட வாரத்தில்? கூட்டம் அதே கிழமை அதே நேரத்தில் நடக்கும், நாம்தான் இருக்கமாட்டோம். இரண்டு வாரம் போகாமல் மூன்றாவது வாரம் போய்த் தராசில் ஏறக் கூச்சமாக இருக்கும். நான் சேர்ந்த கூட்டத்தில் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் குறையில்லை, முப்பது பேரை யார் நினைவு வைத்துக்கொள்வது? வேலை நேரம் மாறாதவர், அந்த ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவர் என்றால் தயங்காமல் சேரலாம். முறைவேலை பார்ப்பவருக்கு இது சரிப்படாது.

கைபேசியில் ஐந்து பேர்

இதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் எடுத்த எடுப்பில் இதிலும் தோற்றோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் குழுவில் 23 பேர். இரண்டு வாரத்தில் காலை வணக்கப் படங்களும், ஆளாளுக்கு அனுப்பும் உணவுக் கட்டுப்பாட்டுக் குறிப்புகளும் குவிந்து உண்மையான பேச்சு காணாமல் போனது. வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களே அதிகம். பிறகு ஐந்து பேர் மட்டும் தனியாகப் பிரிந்தோம். ஐவருக்கும் பிள்ளைகள் உண்டு, ஐவரும் வேலைக்குப் போகிறோம், ஆனால் எந்த இருவரும் ஒரே வீட்டிலோ ஒரே அலுவலகத்திலோ இல்லை. இது தற்செயலாக அமைந்தது. இப்போது யாராவது குழு தொடங்கக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: வாழ்க்கை உங்களுடையதைப் போலவே இருக்கட்டும், கெட்ட வாரம் மட்டும் வேறு வேறாக வரட்டும். ஐந்து பேரில் இருவர் விழுந்தாலும் மூவர் நிற்கிறார்கள்.

நாங்கள் எடையைக் குழுவில் எழுதுவதில்லை. ஆரம்பத்தில் எழுதினோம், அழுகையில் முடிந்தது. சர்க்கரையை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. அதில் ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் தங்குகிறது. உப்பு கொஞ்சம் கூடினாலும், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களிலும் நீர் தேங்குகிறது. ஒரே நாளில் ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். அதைப் பக்கத்தில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிட்டால் நல்லபடி போய்க்கொண்டிருப்பவரும் மனம் உடைந்துபோவார். எடையை அவரவர் வாரம் ஒரு முறை பார்த்து அவரவர் நோட்டில் எழுதிக்கொள்கிறோம். குழுவில் ஞாயிறு காலை போடுவது மூன்று எண்கள்: எத்தனை நாள் நடந்தோம், எத்தனை நாள் இரவுச் சாப்பாட்டை நினைத்த அளவில் நிறுத்தினோம், எத்தனை இரவு ஏழு மணி நேரம் தூங்கினோம்.

தூக்கத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எடை குறைப்புக் குழுக்களில் அதிகாலை நாலரைக்கு எழுந்து ஓடியவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பின்னிரவு வரை பாத்திரம் கழுவியவர் அதைப் பார்த்து நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு எழுகிறார். 2010-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் பத்துப் பேருக்கு ஒரே அளவு கட்டுப்பாட்டு உணவு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரண்டு முறையும் குறைந்த எடை ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது அதில் கொழுப்பாகக் கரைந்தது 55 சதவீதம் குறைவு. தூக்கத்தைத் திருடி நடக்கச் சொல்லும் எந்தக் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிடுங்கள் என்று நான் மனதாரச் சொல்வேன்.

கெட்ட வாரத்துக்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. எண்கள் எதுவும் போட முடியாதபோது "இருக்கிறேன்" என்று மட்டும் அனுப்பினால் போதும். காரணம் கேட்கமாட்டோம், அறிவுரை சொல்லமாட்டோம். அந்த வாரம் அவருக்கு எடை குறைக்கும் இலக்கே கிடையாது, ஏறாமல் பார்த்துக்கொண்டால் சரி. அந்தச் சொல்லும் வராவிட்டால் திங்கள் மாலை ஒருவர் அழைப்பார், யார் அழைப்பது என்பதை முறை வைத்திருக்கிறோம். என் முதல் மூன்று தோல்வியிலும் இல்லாதது இந்தத் திங்கள்கிழமை அழைப்புதான்.

இதற்குக் குறைகள் இல்லாமல் இல்லை. குழுவில் மருத்துவம் தெரிந்தவர் யாரும் இல்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும், மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சாப்பாட்டை நினைத்தாலே அச்சமோ குற்ற உணர்வோ படுத்தும் அனுபவம் உள்ளவர்கள் எங்களைப் போன்ற குழுவில் நேரடியாக இறங்க வேண்டாம். வேகமும் குறைவுதான். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான அளவு என்பார்கள், எங்களில் பெரும்பாலோர் அதன் கீழ் எல்லையைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும். எனக்கு அந்த 5 சதவீதத்துக்குப் பதினான்கு மாதம் ஆனது, இன்றும் அது திரும்ப ஏறவில்லை.

கணவரை முழுக்க ஒதுக்கிவிட்டேனா என்றால், இல்லை. அவருக்கு இப்போது ஒரே ஒரு வேலை. என் தட்டைப் பார்க்க வேண்டாம், வாரத்தில் நான்கு நாள் மாலை ஏழிலிருந்து ஏழரை வரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். எதைச் சாப்பிடலாம் என்ற பேச்சு வீட்டில் நின்றது, சண்டையும் நின்றது. தோழியோடு மாதத்துக்கு ஒரு முறை பேசுகிறேன், எடையைப் பற்றி அல்லாமல்.

போன ஞாயிறு எங்கள் குழுவில் மூன்று பேர் எண்கள் போட்டிருந்தார்கள். ஒருவர் "இருக்கிறேன்" என்று அனுப்பியிருந்தார். ஐந்தாமவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இந்த வாரம் அழைக்க வேண்டிய முறை என்னுடையது.