கழித்தல் 51: ஒரே அணி, ரசிகர்களில் இரண்டு கட்சி

2021 பேஸ்பால் சீசன் முடிந்தபோது சியாட்டில் மரைனர்ஸ் அணி 90 ஆட்டங்களில் வென்றிருந்தது, 72 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அதே 162 ஆட்டங்களில் அது எடுத்த ரன்கள் 697, கொடுத்தவை 748. எடுத்ததைவிட 51 ரன் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, தோற்றதைவிட 18 ஆட்டம் கூடுதலாக வென்றிருக்கிறது. அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்று அந்தக் குளிர்காலம் முழுக்க சியாட்டில் ரசிகர்கள் மல்லுக்கட்டியது இந்த இரண்டு கணக்குகளை வைத்துத்தான். 90-ஐ நம்புவதா, கழித்தல் 51-ஐ நம்புவதா?

முதலில் கழித்தல் 51-ஐப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்ப்போம். இவர்களைக் கணக்குக் கட்சி என்று சொல்லலாம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு நெட் ரன் ரேட் தெரியும். புள்ளிப் பட்டியலில் சமமாக நிற்கும் அணிகளில் எது வலுவானது என்று பிரித்துக் காட்டும் எண் அது. பேஸ்பாலில் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகும். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை சதவீதம் வென்றிருக்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும். மரைனர்ஸுக்கு வந்த விடை 75 அல்லது 76 வெற்றி. மீதி 14 வெற்றி எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அவர்கள் 33 வென்று 19 மட்டும் தோற்றிருந்தார்கள். ஒரு ரன் என்பது மட்டையின் விளிம்பில் பட்ட பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்கிற அளவு விஷயம். ஒரு வருடம் சாதகமாக விழுந்தது, மறு வருடமும் அப்படியே விழும் என்று எண்ணாதீர்கள் என்பதே கணக்குக் கட்சியின் வாதம்.

எதிர்க்கட்சி, அந்த 33 ஆட்டங்களையும் கண்ணால் பார்த்தவர்களின் கட்சி. மேலாளர் ஸ்காட் சர்வைஸ், 'ரன் டிஃபரன்ஷியல்' (ரன் வித்தியாசம்) என்ற சொல்லில் ஓரெழுத்தை மாற்றி 'ஃபன் டிஃபரன்ஷியல்' (குதூகல வித்தியாசம்) என்று ஒரு பெயரையே கொடுத்துவிட்டார். ஆட்டத்தை ரசித்து ஆடுகிற அணிக்கு அதுதான் அளவுகோல் என்பது அவர் பேச்சு. வெறும் உற்சாகப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தக் கட்சிக்கும் ஓர் உறுதியான காரணம் இருந்தது. அது புல்பென், அதாவது ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து வீசும் மாற்றுப் பிட்சர்களின் கூட்டம். பால் சீவால்ட் என்பவர் நியூயார்க் மெட்ஸில் நான்கு சீசன் ஆடி 1 வெற்றி, 14 தோல்வி என்ற கணக்கோடு வெளியேறியவர். சியாட்டிலில் அவரே 2021-இல் நூறு பேருக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். இப்படிப்பட்டவர்களை ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது மட்டும்தான் இறக்குவார்கள். ஏழெட்டு ரன் பின்தங்கிவிட்டால் கடைநிலை பிட்சர் வருவார், அவர் இன்னும் நான்கு ரன் கொடுப்பார். ஆக, படுதோல்வி இன்னும் பெரிதாகும், நெருக்கமான ஆட்டம் கைக்கு வரும். கழித்தல் 51-க்கும் 90 வெற்றிக்கும் நடுவே இப்படி ஒரு பாலம் உண்டு. எல்லாமே அதிர்ஷ்டம் இல்லை.

என்னைக் கேட்டால், அந்த ஆண்டு ஜூலை 26, 27 ஆகிய இரண்டு நாட்களைப் பார்த்தாலே இரண்டு கட்சிகளும் விளங்கிவிடும். 26-ஆம் தேதி இரவு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியிடம் மரைனர்ஸ் 0-7 என்று பின்தங்கியிருந்தது. அங்கிருந்து மெல்ல ஏறிவந்து, டிலன் மூர் அடித்த, ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாமில் 11-8 என்று வென்றது. அரங்கம் அதிர்ந்த இரவு. மறுநாள் மதியம் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? புல்பென்னின் தூணாக இருந்த கெண்டல் கிரேவ்மனை அதே ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டது. தொடர் இன்னும் முடியவில்லை, எதிரணி அதே அரங்கில் அடுத்த ஓய்வறையில் இருக்கிறது. கிரேவ்மன் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போக, அங்கிருந்து ஆபிரகாம் டோரோ இந்தப் பக்கம் வந்தார். வீரர்களின் கோபம் பத்திரிகைகளில் அப்படியே வந்தது. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கழித்தல் கணக்கைப் பார்க்கிறார்கள், நாங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம்.

அன்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் டோரோ முந்தின இரவு ஹூஸ்டனுக்காக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) அடித்தவர், அன்றிரவே சியாட்டிலுக்காகவும் ஒன்று அடித்தார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி, ரன்னே இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் கிராண்ட் ஸ்லாம் அடித்து 4-0 என்று வெற்றி தேடித் தந்தார். பந்து வீசியவர் அதே கிரேவ்மன். பேரத்தைத் திட்டியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பேரம் நல்லதா கெட்டதா என்று மறுநாளே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கணக்குக் கட்சிக்காரர்கள் எப்போதும் கையில் வைத்திருக்கும் எடுத்துக்காட்டு பால்டிமோர். அதையும் அக்கறையோடு பார்க்க வேண்டும். 2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 ஆட்டம் வென்றது. ரன் வித்தியாசம் வெறும் கூட்டல் 7. ஒரு ரன் ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராமல் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன ஆட்டங்களில் தொடர்ந்து 16 வெற்றி. மறு வருடம் என்ன ஆயிற்று? ஒரு ரன் ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்தம் 85 வெற்றியோடு சீசன் முடிந்தது, பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றான பிளேஆஃப் இல்லை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 2013-இல் அவர்களுடைய ரன் வித்தியாசம் முந்தைய ஆண்டைவிட மேலானது. கிறிஸ் டேவிஸ் 53 ஹோம் ரன் அடித்த ஆண்டு அது. அணி உண்மையிலேயே முன்னேறியது, வெற்றிகள் குறைந்தன. ஜிம் ஜான்சன் என்ற அதே கடைசி இன்னிங்ஸ் பிட்சர் 2012-இல் 51 ஆட்டங்களை முடித்துக்கொடுத்தார், 2013-இல் 50. ஆனால் கைக்கு வந்த ஒன்பது ஆட்டங்களை அந்த ஆண்டு நழுவவிட்டார். நெருக்கமான ஆட்டங்களில் வெல்வதை ஒரு திறமையாக எண்ணி அதன்மேல் அடுத்த சீசனைக் கட்டினால் எப்படிச் சரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் 2022-இல் சியாட்டிலும் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. மறுபடியும் அதே 90 வெற்றி, 72 தோல்வி. 2001-க்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஆஃப். செப்டம்பர் 30 இரவு, ஓக்லாந்துக்கு எதிராக 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், கேல் ராலி மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்கில், இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட் என்ற நிலையில் நிற்கிறார். மாற்று ஆட்டக்காரராக வந்த அவர் அடித்த பந்து வலது மூலைக்குப் பறக்கிறது, கம்பத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு உள்ளே. 21 ஆண்டு காத்திருப்பு அந்த ஒரு பந்தில் தீர்ந்தது.

களத்தை நம்பியவர்கள் அன்று 'பார்த்தீர்களா' என்றார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2022 மரைனர்ஸின் ரன் வித்தியாசம் கூட்டல் 67. அது கழித்தல் 51 அணியே இல்லை. முந்தைய சீசனில் அமெரிக்க லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ராபி ரேயை ஐந்தாண்டுக்கு 11.5 கோடி டாலர் கொடுத்து எடுத்திருந்தார்கள். மட்டையாளர் யூஜேனியோ சுவாரெஸ் வந்தார். ஹூலியோ ரோட்ரிகெஸ் முதல் சீசனிலேயே 28 ஹோம் ரன் அடித்து ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். இளம் பிட்சர் ஜார்ஜ் கர்பி கீழ்நிலை அணியிலிருந்து மேலே வந்தார். ஜூலை இறுதியில் நான்கு இளம் வீரர்களைக் கொடுத்து பிட்சர் லூயிஸ் காஸ்டியோவைக் கொண்டுவந்தார்கள். கணக்குக் கட்சியின் எச்சரிக்கை பலித்தது என்றுகூடச் சொல்வேன். போன வருட அணியை அப்படியே வைத்திருந்தால் சரிந்திருக்கும் என்று நிர்வாகமே நம்பியதால்தான் ஆட்களை மாற்றியது.

இதன் மறுபக்கம் 2023-இல் வந்தது. ஒரே ஓர் ஆட்டம் குறைவாக, 88 வெற்றியோடு பிளேஆஃபைத் தவறவிட்ட கையோடு, அணியின் தலைமை நிர்வாகி ஜெர்ரி டிப்போட்டோ செய்தியாளர்களிடம் பேசினார். பத்தாண்டுகளில் சராசரியாக 54 சதவீதம் வெல்வதே இலக்கு, அப்படி வெல்கிற அணிகள்தான் கடைசியில் உயரத்துக்குப் போகின்றன என்றார். பொறுமை காக்கச் சொல்வது ரசிகர்களுக்குச் செய்யும் நன்மை என்ற பொருளிலும் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கணக்காக அவர் சொன்னது தவறில்லை, 54 சதவீதம் என்றால் 87 அல்லது 88 வெற்றி. ஆனால் 2021-இல் கணக்கைக் காட்டி எச்சரித்தவர்களுக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அவர்கள் 'போதாது, ஆள் சேருங்கள்' என்று சொல்ல எண்ணைக் காட்டினார்கள். இவர் 'இது போதும்' என்று சொல்ல எண்ணைக் காட்டினார். அடுத்த ஆண்டு 85 வெற்றி, மறுபடியும் ஒரே ஓர் ஆட்டம் குறைவு. அந்த ஒரு வெற்றிக்காக ஒரு மட்டையாளரை வாங்கியிருக்கலாமே என்ற ஆதங்கத்தை எந்தச் சராசரியும் ஆற்றாது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

2025-இல் வாங்கினார்கள். ஜூலையில் ஜோஷ் நெய்லரும் சுவாரெஸும் அரிசோனாவிலிருந்து வந்தார்கள். ராலி 60 ஹோம் ரன் அடித்தார். 90 வெற்றியோடு 2001-க்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம், அதாவது தங்கள் பிரிவில் முதலிடம். டெட்ராய்ட்டை 15 இன்னிங்ஸ் ஆடி வென்று, டொராண்டோவோடு ஏழாவது ஆட்டம் வரை போய், ஏழாவது இன்னிங்ஸில் 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னில் 4-3 என்று தோற்றார்கள். இறுதிப் பட்டத்துக்கான உலகத் தொடருக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே அணி என்ற பெயர் அப்படியே நிற்கிறது.

அரங்கின் மேல்தளத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஒருவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் பென்சிலால் கட்டம் போட்ட நோட்டில் பதிவார். தாளின் வலது மூலையில் அன்றைய ரன் வித்தியாசம், அதற்குக் கீழே வீசிய பிட்சர்களின் பெயர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுகிறவர் என்பதால் இரண்டு கட்சியிலும் அவரைச் சேர்க்க முடியவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் ஊதிக்கொண்டு போகும்போது பென்சிலை நிறுத்தி, அது போனதும் தொடர்வார்.

நெய்லரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தக்கவைத்துவிட்டார்கள். டெட்ராய்ட் ஆட்டத்தை முடித்து வைத்த ஹோர்ஹே பொலாங்கோ மெட்ஸுக்குப் போய்விட்டார். 2025-இல் ரன் வித்தியாசம் கூட்டல் பக்கம் இருந்ததால் கணக்குக் கட்சியும் நம்பிக்கையாகப் பேசும். நான் முதலில் பார்க்கப்போவது அந்த எண்ணை அல்ல. போன ஆண்டு அந்த எண்ணைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் எத்தனை பெயர் இந்த ஆண்டு அந்தப் பெரியவரின் நோட்டில் மறுபடி வருகிறது என்பதைத்தான்.