பேருந்து நிலையத்தில் படம் எடுக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

இந்த முறை ஊருக்குப் போனபோது காமிராவையும் எடுத்துப் போனேன். போனில் படம் பிடிப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை; கழுத்தில் காமிரா தொங்கினால் கேட்கிறார்கள். லண்டனில் என்னோடு படம் எடுக்கச் சுற்றும் தமிழ் நண்பர்கள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் விசாரிப்பதும் இதைத்தான்: எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, யாராவது தடுத்தால் என்ன சொல்வது. கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை பக்கம் சுற்றியதில் தெரிந்துகொண்டதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

தெருவிலோ கடைவீதியிலோ ஆற்றங்கரையிலோ நின்று சொந்த விருப்பத்துக்குப் படம் எடுக்க அனுமதி வாங்கச் சொல்லும் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும் படம் எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. ராணுவ இடங்கள், 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் வரும் தடை செய்யப்பட்ட இடங்கள் போன்றவற்றுக்குத் தனித் தடை உண்டு. சினிமா, விளம்பரப் படப்பிடிப்பு என்றால் கதை வேறு, அதற்கு அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு தடை இடத்தைப் பற்றியதல்ல, ஆளைப் பற்றியது. காவிரிப் படித்துறையில் காலை வெளிச்சம் எத்தனை அழகாக விழுந்தாலும், பெண்கள் குளிக்கும் நேரத்தில் நான் காமிராவைப் பையிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதையும் படம் பிடிப்பதையும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. படித்துறைக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். குளிக்கிறவரின் மானத்தைக் காக்க நமக்குப் பிரிவு எண் தேவையில்லை.

சிக்கல் வந்தது பேருந்து நிலையத்தில். டெல்டாவில் நடுத்தரமான ஊர் ஒன்று, பெயர் வேண்டாம். விடியற்காலையில் பூக்கடைகளுக்கு மேல் எரியும் குண்டு பல்பு வெளிச்சத்தில், கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுத்துக்க தம்பி. இவ படிக்கிற புள்ள, இவள மட்டும் விட்டுடு” என்றார். பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்து கைகளை மட்டும் எடுத்தேன். இடது கையில் இரண்டு மல்லி, எதிர்ப்பக்கம் இரண்டு, அதன்மேல் நனைத்த வாழைநாரில் ஒரு சுருக்கு, இழுப்பு; கண் கூடையைப் பார்க்கவே இல்லை. இடையிடையே மூன்றுக்கு ஒன்றாகக் கனகாம்பரம். முழங்கை வரை அளந்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. “சார், யாரு நீங்க? பர்மிஷன் இருக்கா?”

“யாருகிட்ட வாங்கணுங்க?”

“ஆபீஸ்ல. பத்து மணிக்குத்தான் தெறப்பாங்க.”

“எல்லாரும் வந்துபோற பொது இடந்தானே?”

“பொது இடமா? இது கவர்மென்ட் இடம் சார்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பிச் சொன்னார். நாலு அடி தள்ளி இரண்டு பையன்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஆடி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் பர்மிஷன் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு காவலர் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் முகம் மாறியது. “எடுத்ததை எல்லாம் அழிச்சிருங்க சார், பிரச்சினை வேணாம்” என்றார். அழிக்க முடியாது, வேண்டுமானால் என் பெயர், முகவரி, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். பேச்சு நீண்டது. கடைசியில் பூக்கார அம்மாதான் குறுக்கே வந்தார். “நாந்தாங்க எடுக்கச் சொன்னேன். எங் கையத்தான எடுத்துச்சு, உங்களுக்கு என்ன?” அதோடு விட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் என்னோடு படித்த வழக்கறிஞர் ஒருவரிடம் இதைப் பற்றி வெகுநேரம் பேசினேன். பேருந்து நிலையம் உள்ளாட்சிக்குச் சொந்தமான இடம்; அங்கே நிபந்தனை போட அதற்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது தீர்மானமாகவோ உத்தரவாகவோ காகிதத்தில் இருக்க வேண்டும் என்றார். படத்தை அழிக்கச் சொல்வது பற்றி அவர் சொன்ன நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. எடுத்த படம் குற்றம் என்றால் அது சாட்சியம், அதை அழிக்கவே கூடாது. காவலர் காமிராவைக் கைப்பற்றி, கைப்பற்றியதை எழுதித் தர வேண்டும். குற்றம் இல்லையென்றால் அழிக்கச் சொல்ல அவர் யார்? எப்படிப் பார்த்தாலும் ‘அழி’ என்ற சொல்லுக்கு இடமில்லை.

பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022இல் தந்த தீர்ப்பு ஒன்றையும் அவர் எடுத்துக் காட்டினார். காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்தவர்மேல் அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கு அது. காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடமே அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல் நிலையத்துக்கே அப்படி என்றால், டீயும் பூவும் விற்கிற பேருந்து நிலையத்தில் என்ன ரகசியம் இருக்கிறது?

‘உங்க லண்டன்ல மட்டும் விடுவாங்களா’ என்று உறவினர்கள் கேட்டார்கள். அங்கேயும் யாரும் தாமாக விட்டுவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில் 44ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சந்தேகம் இல்லாவிட்டாலும் வழியில் போகிறவரை நிறுத்திச் சோதிக்கலாம் என்றது. 2003இல் லண்டன் டாக்லாண்ட்ஸ் ஆயுதக் கண்காட்சிக்கு வெளியே அப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் பென்னி குவின்டன் என்ற பத்திரிகையாளர். பத்திரிகை அட்டையைக் காட்டிய பிறகும் படம் எடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவரும் இன்னொருவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2010 ஜனவரியில் வென்றார்கள். அதே மாதம் டிரஃபால்கர் சதுக்கத்தில் ‘நான் புகைப்படக்காரன், பயங்கரவாதி அல்ல’ என்ற முழக்கத்தோடு படக்காரர்கள் திரண்டார்கள். பொது இடத்தில் படம் எடுக்க அனுமதி தேவையில்லை, படங்களை அழிக்கக் காவலருக்கு அதிகாரமில்லை என்று லண்டன் பெருநகரக் காவல்துறையே இன்று தன் வழிகாட்டலில் எழுதி வைத்திருக்கிறது. எழுத்தில் இருப்பதால் வாக்குவாதம் சட்டென்று முடிந்துவிடுகிறது.

நம் ஊரிலும் எழுதி வைத்த இடங்களில் எனக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. மத்தியத் தொல்லியல் துறை 2018 ஜூலையில், அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி ஆகிய மூன்றைத் தவிர மற்ற நினைவுச் சின்னங்களின் வளாகங்களில் படம் எடுக்க அனுமதி கொடுத்துவிட்டது. முக்காலி வைக்க மட்டும் முன் அனுமதி வேண்டும். தாராசுரத்தில் ஒரு காவலாளி என் காமிராவைப் பார்த்துவிட்டுத் தானே கூப்பிட்டு, யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டு நிற்கும் சிற்பத்தைக் காட்டினார். “இந்தப் பக்கம் கைய வச்சு மறைங்க, யானை. இப்பிடி மறைங்க, மாடு.” அடித்தளத்தில் வரிசையாக ஓடும் நாயன்மார் கதைச் சிற்பங்களை எடுக்க எந்த நேரத்தில் வெயில் சாய்வாக விழும் என்றும் சொன்னார். அவர் சம்பளத்தில் சேராத சேவை அது. என் பயணத்தில் கிடைத்த ஆகச் சிறந்த உதவியும் அதுதான்.

மாமல்லபுரம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40. ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கும் இந்தியக் கட்டணம்தான் என்று 2021 மார்ச்சில் உள்துறை அறிவித்திருக்கிறது. அட்டையை மறக்காதீர்கள். ட்ரோனைக் கொண்டு போகாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது.

மதுரையில் விதி கடுமை, ஆனால் தெளிவு. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோகத் தடை வந்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் போனைத் தடை செய்யச் சொன்னது. வாசலிலேயே வாங்கி வைத்து டோக்கன் தருகிறார்கள். திரும்ப வாங்க அதிக நேரம் ஆகவில்லை. சாமி கும்பிட வந்தவர்மேல் இடித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதைப் பார்த்தவன் என்ற முறையில் சன்னதிப் பக்கம் இந்தத் தடையை நான் மனதார ஏற்கிறேன்.

ஆனால் மண்டபத் தூண்களுக்கும் அதே தடை என்பது எனக்கு வலிக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858இல் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம் எடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக்கினார். 2015இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். லண்டன்காரர் பார்க்கக் கிடைப்பதை மதுரைக்காரர் தன் ஊர்க் கோயிலில் தானே எடுத்துக்கொள்ள வழியில்லை. வாரத்தில் ஒரு நாள், நடை சாத்திய நேரத்தில், கட்டணம் வைத்தாவது வெளி மண்டபங்களைத் திறந்துவிடலாம்.

படம் எடுப்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஸ்ரீபுரந்தான் நடராஜரை நினைவூட்டுகிறேன். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து களவுபோன அந்தச் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்துச் சேர்த்த படத் தொகுப்பில் அதே நடராஜர் இருந்தார். அந்தப் படமும் ஒரு சாட்சியாக நின்றதால் 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அன்று யாரோ ஒரு காவல்காரர் ‘இங்கே படம் எடுக்கக் கூடாது’ என்று விரட்டியிருந்தால் அந்தச் சாட்சி இருந்திருக்காது.

ஊரை விட்டுக் கிளம்புமுன் அந்த அம்மாவின் கைகளைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பிரிண்ட் போட்ட ஸ்டுடியோக்காரர் மல்லியின் வெள்ளை கரைந்துவிடாமல் தாமே சரிசெய்து, லேமினேஷனுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

அந்தப் பேருந்து நிலைய நிர்வாகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட நினைத்தேன். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. ஓசிஐ அட்டைக்காரன் கேட்க முடியாது. அதனால் என் அத்தை மகன் தன் பெயரில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறான். 30 நாளில் பதில் தர வேண்டும், வந்ததும் எழுதுகிறேன். கேள்விகள் மூன்றுதான். பேருந்து நிலையத்தில் பொதுமக்கள் படம் எடுக்கத் தடை விதிக்கும் தீர்மானமோ உத்தரவோ உள்ளதா? உள்ளது எனில் அதன் நகல். அந்தத் தடை செல்போனுக்கும் பொருந்துமா?