ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் ஈ-ரீடர்

ஈ-ரீடரை, அதாவது மின்புத்தகம் படிக்கும் இந்தக் கருவியை, வாங்கியபோது சின்னவனுக்கு நான்கு மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை பால் கொடுக்க எழுந்திருக்க வேண்டும். ஒரு கை அவன் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் கையால் தடித்த நாவல் ஒன்றை விரித்துப் பிடித்து, பக்கமும் திருப்பப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கட்டைவிரலை நடுவில் கொடுத்து, சுண்டுவிரலால் கீழே தாங்கி, கொஞ்சம் அசைந்தாலும் புத்தகம் பட்டென்று மூடிக்கொள்ளும். விளக்கைப் போட்டால் அவன் முழித்துக்கொள்வான். போனில் படிக்கலாம் என்று எடுத்தால் இரண்டாவது பக்கத்துக்குள் யாராவது ஏதாவது அனுப்பியிருப்பார்கள். அதைத் திறந்தால் அவ்வளவுதான், பொழுது விடிந்துவிடும்.

இப்போது அவனுக்கு இரண்டரை வயது. கருவி இன்னும் உயிரோடு இருக்கிறது, நானும் படித்துக்கொண்டிருக்கிறேன். இனி தைரியமாக மதிப்புரை எழுதலாம். பலர் ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லித்தான் இந்த வகைக் கருவியையே கூப்பிடுகிறார்கள். நான் ஈ-ரீடர் என்றே எழுதுகிறேன். என்னுடையது 6 அங்குலத் திரை, எடை 170 கிராம் சொச்சம், 8 ஜிபி. இந்த அளவில் வரும் எல்லாக் கருவிகளும் ஏறக்குறைய அண்ணன் தம்பிகள்தான், அதனால் பெயர் அவ்வளவு முக்கியமில்லை.

முதலில் திரை. டேப்லெட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, "இதுல மட்டும் என்ன பெருசா இருக்கு?" போன் திரை தானே ஒளிர்ந்து கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கும். இது அப்படி இல்லை. முடியின் தடிமன் அளவே உள்ள குமிழிகள் லட்சக்கணக்கில் இதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழியிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் போய்விடும். வந்தது வந்த இடத்திலேயே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம், பக்கம் மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் எனக்கு மூன்று வாரம் வருகிறது. வீட்டில் நான் சார்ஜ் போட மறந்தாலும் என்னைத் திட்டாத பொருள் இது ஒன்றுதான்.

இருட்டில் படிக்க விளக்கு உண்டு. ஆனால் அது திரைக்குப் பின்னால் இல்லை, ஓரத்திலிருந்து திரையின் மேல் பரவுகிறது. வெளிச்சத்தை மஞ்சளாக்கி, ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிட்டால் எழுத்து எனக்குத் தெரியும், குழந்தையின் முகத்தில் வெளிச்சம் விழாது. ராத்திரிப் பால் நேரத்துக்கு இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம். தூக்கத்தில் கை தளர்ந்து மூக்கின் மேல் விழுந்தாலும் 170 கிராம்தான். ஐநூறு பக்கப் புத்தகம் விழுந்து பார்த்திருக்கிறேன், ஒப்பிடவே வேண்டாம்.

சரி, குறைகள். பக்கம் மாறும்போது ஒரு நொடி தயங்கும், சிலசமயம் முன்பக்கத்தின் எழுத்து பேய் மாதிரி லேசாகத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடுகிறது. பழகாத ஒன்று, பக்கம் திருப்பப் பட்டன் இல்லாதது. என் கருவியில் திரையைத் தொட்டால்தான் பக்கம் திரும்பும். நான் தொட்டாலும் திரும்பும், குழந்தையின் கால் பட்டாலும் திரும்பும். ஓர் அகதா கிறிஸ்டி நாவலில் பாதி தாண்டியிருந்தேன். பையன் தூக்கத்தில் உதைத்தான். பக்கங்களைத் தாண்டிப் போகத் திரையின் அடியில் இருக்கும் கோட்டில் பட்டு நேராகக் கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. கண்ணை மூடுவதற்குள் கொலைகாரரின் பெயரைப் படித்துவிட்டேன். கிறிஸ்டி 66 துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறார், ஒன்று போனால் போகட்டும் என்று தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அடுத்த கருவி பக்கவாட்டில் பட்டன் உள்ளதாகத்தான் இருக்கும்.

மூத்தவளின் நீச்சல் வகுப்புக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச் இருக்கிறது. ஐந்து அம்மாக்கள் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்போம். என்ன படிக்கலாம் என்பது அங்கேதான் முடிவாகும். "நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் எல்லாரும் கௌரவமான பெயர்களைத்தான் சொல்வார்கள். "இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வரும். ஒருவர் மூன்று மாதமாகக் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றில் பதினோராம் பக்கத்தில் நிற்கிறார். ஒருவர் ஏற்கெனவே நாலு தடவை படித்த காதல் கதையை ஐந்தாவது தடவை படிக்கிறார், அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. நான் யாருக்கும் எதையும் சிபாரிசு செய்வதற்கு முன்னால் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறேன்.

எங்களில் இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவர் சாதாரணமாக, "நான் போரும் வாழ்வும் படிக்கிறேன்" என்றார். பெஞ்சே அமைதியாகிவிட்டது. டால்ஸ்டாயின் அந்த நாவல் எவ்வளவு தடி என்பது எல்லாருக்கும் தெரியும். டி.எஸ். சொக்கலிங்கம் செய்த தமிழாக்கத்தின் பெயரை அந்த அம்மா சொன்னாரே தவிர, அவர் படிப்பது ஆங்கிலத்தில், ஈ-ரீடரில். இரட்டையை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்டோம். "அதுல 361 அத்தியாயம். எல்லாமே சின்னது. நாளைக்கு ஒண்ணு. வருஷத்துல நாலு நாள் லீவு" என்றார்.

பெரிய புத்தகம் என்றால் நேரம் உள்ளவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. தடிமனைப் பார்க்கக் கூடாது, எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க வேண்டும். நூற்றைம்பது பக்கம்தான், ஆனால் அத்தியாயமே இல்லாமல் ஒரே மூச்சில் ஓடும் நாவல் ஒன்றை ஆறு மாதமாக முடிக்க முடியாமல் வைத்திருக்கிறேன். இவ்வளவு பெரிய நாவல் என்னடா என்றால் தினம் பத்து நிமிடத்தில் நகர்கிறது. ஈ-ரீடர் இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. எடை தெரிவதில்லை, விட்ட இடத்தில் திறக்கிறது. ரஷ்யப் பெயர்களில் தடுமாறும்போது பெயரை அழுத்திப் பிடித்துத் தேடினால் அவர் முதலில் வந்த இடம் கிடைக்கிறது. நடாஷாவும் நடாலியாவும் ஒரே பெண் என்பதை அப்படித்தான் உறுதி செய்துகொண்டேன். காப்புரிமை முடிந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒரே ஒரு வேடிக்கை. என் வேகத்தைக் கணக்குப் போட்டு, "இந்த அத்தியாயம் முடிய இன்னும் இத்தனை நிமிடம்" என்று கருவி கீழே காட்டும். நடுநடுவே எழுந்து போய்ப் போய் வந்ததில் அதற்கு என்னைப் பற்றி என்ன அபிப்பிராயம் ஏற்பட்டதோ, நாலு பக்க அத்தியாயத்துக்கு 47 நிமிடம் என்று காட்டியது. அதை அணைத்துவிட்டேன்.

பதினோராம் பக்கத்தில் நிற்பவர் படிப்பது அடேல் ஃபேபரும் எலைன் மஸ்லிஷும் சேர்ந்து 1980இல் எழுதிய புத்தகம். குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது, அவர்கள் பேசுவதை எப்படிக் கேட்பது என்பது பற்றியது. அழும் பிள்ளையிடம் "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று சொல்லாமல், அவர்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதற்கு ஒரு பெயர் கொடுங்கள் என்கிறது. எனக்குப் பிடித்த புத்தகம், ஆனால் இதை ஈ-ரீடரில் வாங்காதீர்கள். அதன் உயிரே கார்ட்டூன் கட்டங்களில் இருக்கிறது. அவை 6 அங்குலத்தில் சாம்பல் நிறப் பொட்டுகளாகிவிடுகின்றன. தவிர, நாமே பதில் எழுதிப் பார்க்க இடம் விட்டிருப்பார்கள். அதைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். அவர் பதினோராம் பக்கத்தில் நின்றதற்குப் பாதிக் காரணம் கருவிதான் என்பது என் கட்சி.

படப் புத்தகங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எரிக் கார்லின் கம்பளிப்புழுப் புத்தகம் 1969இல் வந்தது, பக்கங்களில் நிஜமான ஓட்டைகள் இருக்கும். சின்னவன் விரலை விடுவதே அந்த ஓட்டைக்காகத்தான்.

தமிழுக்கு வருகிறேன். யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், ஒழுங்காகத் தயாரித்த இபப் என்ற மின்புத்தகக் கோப்பு என்றால் தமிழ் நன்றாகவே வருகிறது, எழுத்தையும் வேண்டிய அளவு பெரிதாக்கலாம். மதுரைத் திட்டம் 1998இலிருந்து பழைய தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சங்கப்பாடல் படிக்கும் பேறு எனக்கு அப்படித்தான் வாய்த்தது. ஒரு பாட்டு, நாலு வரி, அதற்குள் பையன் தூங்கிவிடுவான். ஆனால் பிடிஎஃப் என்றால் கதையே வேறு. அதில் பக்கம் அச்சில் இருந்த அளவிலேயே உறைந்திருக்கும், பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த கோப்பை மாற்றிப் போட்டால் லத்தீன் எழுத்தும் குறிகளுமாகப் பொங்கி வரும். அகராதியும் தமிழில் உதவாது. "போய்க்கொண்டிருந்தவர்களை" என்று அழுத்தினால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்கிறது. அது சொல்வதும் ஒருவகையில் சரிதான்.

இனி என் பெரிய மனக்குறை. பெஞ்சில் புத்தகம் கைமாறும். என் அக்கா வயதுள்ள ஒருவர், ஐந்து பேரில் நிறையப் படிப்பவர், டோட்டோ சானைப் பற்றிச் சொன்னார். டெட்சுகோ குரோயனாகி தன் சிறுவயதைப் பற்றி எழுதி 1981இல் ஜப்பானில் வந்தது. தமிழில் "ஜன்னலில் ஒரு சிறுமி" என்று நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய பள்ளி, முதல் நாளே அந்தச் சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட தலைமையாசிரியர் என்று எல்லாரும் இவற்றைத்தான் சொல்வார்கள். அக்கா சொன்னது வேறு. "அந்த அம்மாவைப் பாரு. முதல் ஸ்கூல்ல இருந்து பொண்ணை வெளிய அனுப்பிட்டாங்க. அதை அவ கிட்ட இருபது வயசு தாண்டுற வரைக்கும் சொல்லவே இல்லை." நான் அந்தப் புத்தகத்தைக் கல்லூரியில் படித்தவள். அந்த அம்மா என் கண்ணில் பட்டதே இல்லை.

அன்றே அதைத் திரும்பப் படிக்க வேண்டும் போலிருந்தது, அக்கா தன் பிரதியைக் கொடுத்தார். அதற்குப் பதிலாக நான் எதைக் கொடுப்பது? நான் படித்து முடித்த நாற்பது புத்தகமும் கருவிக்குள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியவைதான், ஆனால் வாங்கியது புத்தகம் இல்லை, படிக்கும் உரிமம். பூட்டுப் போட்டு என் கணக்கோடு கட்டியிருக்கிறார்கள். அக்காவுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கருவியையே கழற்றிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை அதையும் செய்தேன். ஒரு வாரம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பால் கொடுத்தேன்.

வீட்டிலும் இப்படி ஒரு சங்கடம். மூத்தவளை வகுப்பில் "என் அம்மா" என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். என் கையில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். "இது என்ன?" என்றேன். "உன் போன்" என்றாள். இரண்டு வருடமாக அவள் எதிரே நான் படித்ததெல்லாம் அவளுக்குப் போன் நோண்டுவதாகத்தான் தெரிந்திருக்கிறது. அட்டை தெரியவில்லை, தடிமன் தெரியவில்லை, எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. நான் எதைப் படிக்கிறேன் என்று அவள் எட்டிப் பார்க்க வழியே இல்லை.

அதிலிருந்து பகலில் அச்சுப் புத்தகம், ராத்திரியில் ஈ-ரீடர் என்று பிரித்துக்கொண்டேன். கைமாற்றிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும் புத்தகத்தை அச்சில்தான் வாங்குகிறேன். அக்காவின் டோட்டோ சான் எங்கள் ஐந்து பேரையும் சுற்றிவிட்டு இப்போது மூத்தவளின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மூலையில் ஒரு பல் தடம். யார் வீட்டுக் குழந்தையுடையது என்று இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்குங்கள். பட்டன் உள்ளதாகப் பாருங்கள், மஞ்சள் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். 8 ஜிபி தாராளம், நாவல்கள் இடமே அடைப்பதில்லை. தண்ணீர் பட்டால் தாங்கும் வகை கிடைத்தால் நல்லது, என்னுடையது தாங்காது, அதனால் குளியலறைப் பக்கமே கொண்டு போவதில்லை. படப் புத்தகத்துக்காகவோ பழைய தமிழ் பிடிஎஃப்களுக்காகவோ வாங்குவதாக இருந்தால் இந்த 6 அங்குலம் வேண்டாம்.

நான் இப்போது போரும் வாழ்வும் 212ஆவது அத்தியாயத்தில் இருக்கிறேன். இரட்டையர் அம்மா 240ஐத் தாண்டிவிட்டார். அடுத்த வகுப்பில் அவர் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.