இடுப்புக்கு மினி பேண்ட்: ரப்பரா, துணியா?

ஓடுகிறவர்கள், பந்து ஆடுகிறவர்கள் பையைத் திறந்தால் இப்போதெல்லாம் ஒரு மினி பேண்ட் கட்டாயம் கிடக்கிறது. இரு முனையும் இணைந்து வட்டமாக இருக்கும் சின்ன ரெசிஸ்டன்ஸ் பேண்டை, அதாவது காலில் மாட்டி இழுத்தால் எதிர்த்து இழுக்கும் பட்டையைச் சொல்கிறேன். மெல்லிய ரப்பரில் வண்ண வண்ணமாக வரும் செட், அகலத் துணியில் தைத்து வரும் செட், இரண்டையும் ஒரு சீசன் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்கள் ரப்பர் செட்டையே வாங்குங்கள். இத்தனைக்கும் போட்டுக்கொள்ளச் சுகமானது துணிதான்.

ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் மொத்த எடையும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. அப்போது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது, ஊன்றிய காலின் பக்கம் புட்டத்தின் மேல்பகுதியில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசை. அது களைத்துப்போனால் இடுப்பு ஒரு பக்கம் தாழும், பலருக்கு முழங்காலும் உள்பக்கமாக மடங்கும். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பாதி ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டாலே தெரிந்துவிடும். மினி பேண்ட் உருப்படியாக வேலை செய்வது இந்தத் தசைக்குத்தான், அதனால் எதை வாங்கலாம் என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

துணி பேண்டின் உள்பக்கம் ரப்பர் கோடுகள் இருப்பதால் தொடையில் நழுவாது, சுருளாது, முடியைப் பிடித்து இழுக்காது. முழங்காலுக்கு மேலே மாட்டி ஸ்குவாட், பிரிட்ஜ் (மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது) செய்ய இதுக்கு ஈடில்லை. ஆனால் ஓரளவு விரிந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறது, அதற்கு மேல் அசையாது. பக்கவாட்டில் அகலமாக அடி வைத்து நடக்க நினைத்தால் கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். பாதத்தில் மாட்டவும் தோதில்லை. வாங்கும்போது தொடைச் சுற்றளவைப் பார்த்து சைஸ் எடுங்கள், எல்லாருக்கும் ஒரே சைஸ் என்று விற்பவை பருத்த தொடைக்குப் பொருந்துவதில்லை.

ரப்பர் பேண்ட் தொடையில் போட்டால் கயிறு மாதிரி சுருண்டுகொள்ளும், எரிச்சல்தான். ஆனால் அதைப் பாதத்தின் முன்பகுதிக்கு இறக்கிப் பாருங்கள். முழங்கால், கணுக்கால், பாதம் என்று பேண்டை மாற்றி மாட்டி நடக்கவைத்து அளந்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. பேண்ட் கீழே போகப் போக புட்டத் தசைகளுக்கு வேலை கூடியது, கணுக்காலிலிருந்து பாதத்துக்கு மாற்றியபோது தொடையின் முன்பக்க ஓரத்தில் இருக்கும் டென்சர் ஃபேசியே லேட்டே தசைக்கு மட்டும் வேலை கூடவில்லை. பாதத்தில் மாட்டிய பேண்ட் காலை உள்நோக்கித் திருப்பப் பார்க்கும், அதை எதிர்த்து வெளியே திருப்பிப் பிடிப்பது புட்டத் தசைகள், அதனால்தான் இந்த வித்தியாசம். பக்கவாட்டு நடையில் தொடையின் முன்பக்கம் மட்டும்தான் எரிகிறது என்கிறவர்கள் முதலில் பேண்டைப் பாதத்துக்கு மாற்றிப் பாருங்கள், அப்புறம் நிமிர்ந்து நடக்காமல் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி நடங்கள். அடி எடுத்து வைக்கும் காலைவிட ஊன்றி நிற்கும் காலின் இடுப்புக்குத்தான் வேலை அதிகம் என்பதால், பின்னால் வரும் காலைப் பேண்ட் இழுக்கிற இழுப்புக்கு விட்டுவிடாமல் மெதுவாகக் கொண்டுவாருங்கள். பத்து அடி ஒழுங்காக வைத்தாலே இடுப்பின் ஓரம் சூடேறும்.

ரப்பர் செட்டில் இன்னொரு வசதி: இரண்டு பாதத்திலும் மாட்டி மல்லாக்கப் படுத்து, ஒரு காலை நீட்டியபடி வைத்து மறு முழங்காலை மார்புப் பக்கம் இழுக்கலாம். காலைத் தூக்கும் இடுப்பின் முன்பக்கத் தசைகளுக்கு, முக்கியமாக வேக ஓட்டக்காரர்களுக்கு, இது அருமையான பயிற்சி.

வண்ணத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொன்றின் சிவப்பை விட இறுக்கமாக இருக்கும், பொது அளவு எதுவும் கிடையாது. செட்டில் ஆக இறுக்கமானதை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் மேலுடம்பை இடமும் வலமும் ஆட்டி நடக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும், ஏனென்றால் அங்கே இடுப்பு செய்ய வேண்டிய வேலையை உடம்பின் ஆட்டம் செய்துவிடுகிறது. தோள் அசையாமல் நடக்க முடிகிற பேண்டே உங்களுக்கான பேண்ட்.

சரி, இது மட்டும் போதுமா என்றால், போதாது. இடுப்பை நீட்டி உந்தும் குளூட்டியஸ் மேக்சிமஸ் பெரிய தசை, அதற்கு ஹிப் த்ரஸ்ட் (முதுகைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பில் எடை வைத்து உயர்த்துவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) என்று எடை ஏற்றித்தான் ஆக வேண்டும். தொடையின் உள்பக்கத் தசைகளையும் இந்த பேண்ட் பெரிதாகத் தொடாது. உதைத்து ஆடுகிறவர்களுக்கு அடிக்கடி கவட்டை வலி வருவது அங்கேதான். அதற்கு கோபன்ஹேகன் பயிற்சி இருக்கிறது: ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை ஒரு பெஞ்சிலோ கூட்டாளி கையிலோ வைத்து உடம்பைத் தூக்குவது. நார்வே கால்பந்து வீரர்களிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது, இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் கவட்டைப் பிரச்சினைக்கான வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. செலவே இல்லாத பயிற்சி. பேண்ட் வாங்குகிற ஒவ்வொருவரும் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். முழங்காலை மார்புப் பக்கம் மடக்கும்போதே கவட்டைக்குள் கிள்ளுகிற மாதிரி வலித்தால் மட்டும் பேண்டை ஓரமாக வைத்துவிட்டு பிசியோவிடம் காட்டுங்கள்.

லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவர்கள் ரப்பரைத் தொடவே வேண்டாம், துணி பேண்டிலும் உள்ளே லேடெக்ஸ் நூல் இருக்கலாம் என்பதால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்டுக்கு வெயிலும் எண்ணெயும் ஆகாது, தைலம் தடவிய காலில் மாட்டாதீர்கள், காரில் போட்டு வைக்காதீர்கள். ஓரத்தில் நகக்கீறல் அளவு வெட்டு தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்தால் சுளீரென்று அடிக்கும்.