ட்ரையெத்திலமீனா, ஹூனிக் காரமா, பிரிடினா?

ஆல்கஹாலையோ அமீனையோ அசைல் குளோரைடோடு சேர்க்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு காரம் வேண்டும். அலமாரியில் மூன்று பாட்டில்கள் இருக்கும்: ட்ரையெத்திலமீன், டைஐசோபுரோப்பைல்எத்திலமீன் (டிஐபிஇஏ என்றும் ஹூனிக் காரம் என்றும் சொல்வார்கள்), பிரிடின். கைக்கு எட்டியதை ஊற்றுவதுதான் பல ஆய்வகங்களில் வழக்கம். எளிய அசெட்டைலேற்றத்துக்கு அது போதும். அதைத் தாண்டினால் போதாது.

காரத்தன்மை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது. நீரில் ட்ரையெத்திலமீனின் இணை அமிலத்துக்கு பிகேஏ (அமில வலுவின் அளவு; இது கூடினால் காரம் வலுவானது) 10.75, டிஐபிஇஏவுக்கு ஏறக்குறைய 11, பிரிடினுக்கு 5.2. முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பிரிடின் பல லட்சம் மடங்கு வலுக்குறைந்தது, ஆனாலும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்க அதுவே போதும். ஆகவே பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: புரோட்டானை வாங்குவது தவிர அந்தக் காரம் வேறென்ன செய்கிறது? வேலை முடிந்ததும் எப்படி வெளியேறுகிறது?

முதலில் அளவு. 10 மில்லிமோல் ஆல்கஹாலுக்கு 12 மில்லிமோல் அசெட்டைல் குளோரைடு (0.85 மி.லி.), 15 மில்லிமோல் காரம் என்று வைத்துக்கொள்வோம். ட்ரையெத்திலமீன் என்றால் 2.1 மி.லி., டிஐபிஇஏ 2.6 மி.லி., பிரிடின் 1.2 மி.லி. பழைய செய்முறையில் ட்ரையெத்திலமீனுக்கு எழுதியிருந்த 2.1 மி.லி.யை அப்படியே டிஐபிஇஏவுக்கும் எடுத்தால் கிடைப்பது 12 மில்லிமோல்தான். அமிலத்தைச் சமன்செய்யச் சரியாக இருக்கும், உபரி துளியும் இராது. கரைப்பானில் கொஞ்சம் ஈரம் இருந்தால் கலவை அமிலமாகிவிடும்; அமிலம் தாங்காத பாதுகாப்புத் தொகுதிகள் (மூலக்கூறின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக மூடி வைப்பவை) அங்கேயே உதிரும்.

பிரிடினின் குணம் தனி. அது சும்மா நிற்காது. அசைல் குளோரைடைத் தானே தாக்கி அசைல்பிரிடினியமாக மாற்றும், அது ஆல்கஹாலோடு இன்னும் வேகமாக வினைபுரியும். பிரிடின் காரம் மட்டுமல்ல, வினைவேக மாற்றியும்கூட. ட்ரையெத்திலமீன் போட்டும் ஈரிணைய, மூவிணைய ஆல்கஹால்கள் அசையவில்லை என்றால் டிஎம்ஏபி (4-டைமெத்திலமினோபிரிடின்) 5 முதல் 10 மோல் சதவீதம் சேர்ப்பது இதே வழியைத்தான் பயன்படுத்துகிறது. மேலே சொன்ன அளவுக்கு 10 சதவீதம் என்பது 122 மி.கி.

டோசைலேற்றத்துக்கு (டோசைல் குளோரைடால் ஆல்கஹாலை டோசைலேட்டாக்குவதற்கு) பிரிடின் பழைய, நம்பகமான தேர்வு. ஆனால் பிளாஸ்க்கை 0 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் கலவையில் இருக்கும் குளோரைடு அயனி டோசைலேட்டை இடம்பெயர்த்து ஆல்கைல் குளோரைடைக் கொடுக்கும். மீசைல் (மீத்தேன்சல்ஃபோனைல்) குளோரைடுக்கோ ட்ரையெத்திலமீன்தான் பொருத்தம்: அது மீசைல் குளோரைடிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடை நீக்கிச் சல்ஃபீன் என்ற வினைத்திறன் மிக்க இடைப்பொருளை உண்டாக்கும், 0 டிகிரியில் சில நிமிடங்களில் வேலை முடியும்.

ட்ரையெத்திலமீன் தடுமாறுவது ஆல்கைலேற்றத்தில். மெத்தில் அயோடைடு, பென்சைல் புரோமைடு போன்றவை இருந்தால் அதுவே கருக்கவர் பொருளாகி நான்கிணைய அம்மோனியம் உப்பாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய ஹாலைடு வீண். டிஐபிஇஏவில் இரண்டு ஐசோபுரோப்பைல் தொகுதிகள் நைட்ரஜனை அடைத்து நிற்கின்றன. இந்தக் கொள்ளிடத் தடையால் புரோட்டான் நுழையும், கார்பன் நுழையாது. எம்ஓஎம் (மெத்தாக்சிமெத்தில்) குளோரைடால் ஆல்கஹாலைப் பாதுகாக்கும் வினைக்கு அதனால்தான் எல்லோரும் டிஐபிஇஏ எடுக்கிறார்கள். (எம்ஓஎம் குளோரைடு புற்றுநோய் உண்டாக்கும், ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே திறக்கவே கூடாது.) பெப்டைடு இணைப்பிலும் எச்ஏடியு என்ற இணைப்புக் காரணியோடு 2 ஈக்விவலண்ட் டிஐபிஇஏ என்பதே வழக்கமான கணக்கு. ஆனால் எளிதில் ரேசிமிக்கும் (இடது-வலது வடிவம் கலந்துபோகும்) அமினோ அமிலங்களுக்கு அதுவும் வலுவான காரம்தான். அங்கே கொலிடின் (ட்ரைமெத்தில்பிரிடின்) மேலானது.

டைகுளோரோமீத்தேனும் ஆல்கைல் ஹாலைடுதான் என்பதை மறந்துவிடுகிறோம். அதில் கலந்த ட்ரையெத்திலமீனையோ பிரிடினையோ பாட்டிலில் நாள்கணக்கில் வைத்தால் மெல்ல வினைபுரிந்து உப்புப் படியும். தேவைப்படும்போது கலந்துகொள்வதே நல்லது.

அடுத்து, வெளியேற்றுவது. ட்ரையெத்திலமீன் ஹைட்ரோகுளோரைடு டிஎச்எஃப்பிலும் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) ஈத்தரிலும் கரையாது, டைகுளோரோமீத்தேனில் கரையும். டிஎச்எஃப்பில் வினை நடத்தினால் நம் அளவுக்கு 1.65 கிராம் வரை வெள்ளை உப்பு விழும். 15 மி.லி. கரைப்பானில் அது கூழாகிக் காந்தக் குச்சி நின்றுவிடும். கரைப்பானை இரட்டிப்பாக்குங்கள், குச்சியையும் பெரிதாகப் போடுங்கள். வடிகட்டிய பிறகும் மிச்சம் இருக்கும். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவ வேண்டும், பொருள் அமிலம் தாங்காது என்றால் நிறைவுற்ற அம்மோனியம் குளோரைடு. வெறும் தண்ணீர் போதாது: 18.7 டிகிரிக்குக் கீழே ட்ரையெத்திலமீன் தண்ணீரோடு முழுதாகக் கலக்கும், அறை வெப்பத்தில் பிரிந்து நிற்கும்.

கொதிநிலையிலும் ட்ரையெத்திலமீனுக்கே அனுகூலம். அது 89 டிகிரி. ரோட்டாவேப்பரில் உபரி எளிதில் போய்விடும். பிரிடின் 115, டிஐபிஇஏ 127. பிரிடினைத் தொலைக்க டொலுயீன் ஊற்றி மூன்று முறை ஆவியாக்குவது நல்ல வழி, இரண்டும் அசியோட்ரோப்பாக (சேர்ந்து கொதிக்கும் கலவையாக) போகும். இல்லையென்றால் காப்பர் சல்ஃபேட் கரைசலால் கழுவலாம்: பிரிடின் இருக்கும்வரை நீரடுக்கு அடர்நீலமாகும், நிறம் மாறாமல் வெளிர்நீலமாகவே இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். என்எம்ஆர் நிறமாலையில் 8.6, 7.7, 7.3 பிபிஎம்மில் சிகரங்கள் தெரிந்தால் இன்னும் பிரிடின் மிச்சம்.

குரோமட்டோகிராஃபி காலமில் (சிலிக்கா நிரப்பிய குழாயில்) அமிலம் தாங்காத பொருளைப் பிரிக்கும்போது சிலிக்காவின் அமிலத்தன்மையைச் சமன்செய்ய எலுவண்டில் (ஊற்றும் கரைப்பானில்) 1 சதவீதம் ட்ரையெத்திலமீன் போதும்.

மூன்றும் எளிதில் தீப்பற்றும், ட்ரையெத்திலமீன் 0 டிகிரிக்குக் கீழான வெப்பத்திலேயே. அதன் ஆவி கருவிழியில் வீக்கம் உண்டாக்கிப் பார்வையில் நீல மூட்டத்தையும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டத்தையும் காட்டும். சில மணி நேரத்தில் தெளியும் என்றாலும் அந்த நிலையில் வண்டி ஓட்டக் கூடாது. பிரிடின் நைட்ரைல் கையுறையை விரைவில் ஊடுருவும், சிந்தினால் உடனே கழற்றிவிட வேண்டும்.

பழைய பாட்டில் பழுப்பாக இருந்தால் அப்படியே பயன்படுத்தாதீர்கள். ட்ரையெத்திலமீனில் டைஎத்திலமீன் கலந்திருந்தால் அசைல் குளோரைடை அதுவே தின்று அமைடாகும். அமிலத்தால் எத்தனை முறை கழுவினாலும் அந்த அமைடு போகாது. கால்சியம் ஹைட்ரைடின் மேல் வாலைவடித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் போட்டு வையுங்கள். டிஐபிஇஏவை முதலில் நின்ஹைட்ரினோடு வடித்து, பிறகு கால்சியம் ஹைட்ரைடோடு வடிப்பார்கள். ஓரிணைய, ஈரிணைய அமீன்கள் நின்ஹைட்ரினிடமே சிக்கிக்கொள்ளும்.