குழாய் வைத்த செப்புக் குடம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எங்கள் தோட்டத்துச் சிறுவர் நிலையப் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் வைப்பதற்காக, ஹட்டனில் ஒரு பாத்திரக் கடையில் குழாய் வைத்த செப்புக் குடம் வாங்கினோம். தகடு கனமானது, மூடியும் இறுக்கமாக அமர்கிறது. இதைவிட முக்கியமானது உட்புறம். சமையலுக்கான செப்புப் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசும் வழக்கம் உண்டு. அப்படிப் பூசிய குடத்தில் தண்ணீர் செம்பில் படாது என்பதால், கிருமியைக் கொல்லும் எந்தப் பயனுக்காகச் செம்பை வாங்குகிறோமோ அதுவே இல்லாமற் போய்விடும். இந்தக் குடத்தின் உட்புறம் பூச்சில்லாத வெறும் செம்பு.

செம்பிலிருந்து வெளிப்படும் அயன்கள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைத்து, உள்ளே புகுந்து, அதன் டீஎன்ஏயையும் குலைத்துவிடுகின்றன. ஒழுங்காகத் துப்புரவு செய்யப்படும் செப்புக் கலப்புலோகப் பரப்புகள் 2 மணி நேரத்துக்குள் 99.9 சதவீதப் பற்றீரியாக்களைக் கொல்லும் என்று கூறி விற்பதற்கு, அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2008இல் அனுமதி வழங்கியது. ஆனால் குளிரில் இந்த வேலை மந்தமாகவே நடக்கும். மார்கழியில் நம் பக்கத்துப் பீலித் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மாலையில் குடத்தில் நிரப்பி, மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். கொதிக்கவைப்பதற்குப் பதிலாக இந்தக் குடம் போதும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். கொதித்த தண்ணீரில் மறுபடி கிருமி பெருகாமல் காப்பதே இதன் பணி.

குறை குழாயில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளின் கையும் படும் இடம் அதன் திருகுபிடிதான். அது பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம்; அதனால் கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்கும் உண்டு. ஆனால் மினுக்கம் மங்காதிருக்க அதன்மேல் அரக்குப் பூச்சு அடித்திருக்கிறார்கள். கை படுவது பூச்சில்தான், பித்தளையில் அல்ல. கடையில் இதை எவரும் சொல்லவில்லை. பளபளப்பையே சிறப்பாகக் காட்டி விற்றார்கள். பிள்ளைகள் புழங்கும் பொருளில் இது பாரதூரமான குறை என்றே கருதுகிறேன். பூச்சில்லாத குழாயைக் கேட்டு வாங்குங்கள். அது நிறம் மங்கிக் கறுத்தாலும் வேலை செய்யும்.

உட்புறத்தைப் புளியும் உப்பும் தேய்த்து, நன்றாக அலசிக் கழுவினால் போதும். தேசிக்காய்ச் சாறு, மோர் போன்ற புளிப்பானவற்றை இதில் ஊற்றி வைக்கவே கூடாது; செம்பு அளவுக்கு மீறிக் கரைந்து, குமட்டலும் வயிற்றுவலியும் வரும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள வரம்பு லீற்றருக்கு 2 மில்லிகிராம் செம்பு.

குழாயை மட்டும் மாற்றித் தருவார்களானால், பக்கத்துத் தோட்டத்து நிலையத்திற்கும் இதே குடத்தை வாங்கச் சொல்வேன்.